கருவிழிப் புண்ணுக்கு எந்த மருந்து? மதுரைப் பக்கம் நடந்த ஆராய்ச்சிகள் கண்டுபிடிச்சது என்ன

கரும்பு வெட்டும்போது தோகை கண்ணுல அறுத்துரும், கதிரடிக்கும்போது நெல்லு சுணை தெறிச்சு விழும், மாடு வாலச் சுழட்டுனா நேரா கண்ணுலயே படும். கண்ணக் கழுவிட்டு அப்படியே வேலையப் பாக்கறவங்கதான் அதிகம், ஒரு நாள் கூலிய விட முடியாதுல்ல. ரெண்டு மூணு நாள் கழிச்சு கண்ணு செவந்து தண்ணியா ஊத்தும், வெளிச்சத்தப் பாக்கவே முடியாது, அப்புறம் கருவிழி மேல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். இதுதான் கருவிழிப் புண், டாக்டருங்க கார்னியல் அல்சர்னு சொல்றது. புண் ஆறுனாலும் பல பேருக்கு அந்த எடம் வெள்ளத் தழும்பா நின்னுரும். "கண்ணுல பூ விழுந்துருச்சு"ன்னு ஊர்ல சொல்றாங்கல்ல, அதுல நெறைய இந்தப் புண்ணோட மிச்சந்தான்.

இந்த நோய்க்கு எந்த மருந்த மொதல்ல போடணும், எத நம்பக்கூடாதுன்னு இன்னைக்கு உலகம் பூரா கண் டாக்டருங்க கையில இருக்கற ஆதாரத்துல பெரிய பங்கு மதுரை, கோயம்புத்தூர், பாண்டிச்சேரி, திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகள்ல இருந்து போனது. அதாவது நம்ம ஊர் விவசாயிங்க, கூலி வேலை பாக்கறவங்க கண்ணுலருந்து போனது. இது நம்ம ஆளுங்கள்லயே ரொம்பப் பேருக்குத் தெரியாது. எனக்கு இதுல முக்கியமாப் படற விஷயம் இன்னொண்ணு, இந்த ஆராய்ச்சிகள்ல கிட்டத்தட்ட எல்லாமே பெரிய டாக்டருங்க எதிர்பார்த்ததுக்கு மாறான பதிலத்தான் குடுத்துச்சு. புது மருந்து ஜெயிக்கும்னு நெனச்சாங்க, பழசு ஜெயிச்சுது. மாத்திரை சேர்த்தா நல்லதுன்னு நெனச்சாங்க, பெருசா ஒண்ணும் ஆகல. புதுசா வந்த லைட் சிகிச்சை உதவும்னு நெனச்சாங்க, பார்வை கெட்டுப் போச்சு. ஒவ்வொண்ணா சொல்றேன், ஏன்னா ஒரு சிகிச்சை வேலை செய்யுதுன்னு எத வச்சு நம்பறதுங்கற கேள்விக்கு இத விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மொதல்ல இது எவ்வளவு பெரிய பிரச்சனைன்னு பாத்துருவோம். 1993 கணக்குப்படி மதுரை மாவட்டத்துல ஒரு லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 113 பேருக்கு கருவிழிப் புண் வந்துச்சு. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ஒரு கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) எடுத்த கணக்கு வெறும் 11. பத்து மடங்கு. 1994ல மதுரை அரவிந்த்ல டாக்டர் எம். சீனிவாசன் குழு மூணு மாசத்துல வந்த 434 கருவிழிப் புண் நோயாளிங்கள வரிசையா, ஒருத்தரயும் விடாம, சுரண்டி எடுத்து லேப்ல வளர்த்துப் பாத்தாங்க. அதுல 65 சதவீதம் பேருக்கு முன்னாடியே கண்ணுல அடி பட்டிருந்துச்சு. கிருமி வளர்ந்து வந்த 297 பேர்ல 140 பேருக்கு பாக்டீரியா மட்டும், 139 பேருக்கு பூஞ்சை மட்டும், அதாவது ஃபங்கஸ். கிட்டத்தட்ட சரி பாதி! பணக்கார நாடுகள்ல கான்டாக்ட் லென்ஸ் போடறவங்களுக்கு வர்ற புண்ணுதான் பெருசு, அதுல பாக்டீரியாதான் அதிகம், அதனால அங்க எழுதுன பாடப்புத்தகத்துல பூஞ்சைக்கு எடமே கொஞ்சந்தான். இங்க பாதிப் பேருக்கு அதுதான், அதுலயும் ஃப்யூசேரியம்ங்கற பூஞ்சை மட்டுமே பூஞ்சைக் கேஸ்கள்ல 47 சதவீதம், அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். ரெண்டுமே மண்ணுலயும் அழுகுன இலை தழையிலயும் இருக்கறது. தோகை கண்ணக் கீறும்போது கூடவே உள்ள போயிரும்.

பாக்டீரியாவா பூஞ்சையான்னு பாத்த ஒடனே சொல்லிரலாம்னு அனுபவமுள்ள டாக்டருங்க நெறைய பேர் நம்புவாங்க. புண்ணோட ஓரம் இறகு மாதிரி இருந்தா பூஞ்சை, பக்கத்துல குட்டிக் குட்டிப் புள்ளி இருந்தா பூஞ்சைன்னு புத்தகத்துலயும் இருக்கு. இதையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க. கருவிழி ஸ்பெஷலிஸ்ட் 15 பேர்கிட்ட 80 புண்ணோட ஃபோட்டோவக் குடுத்து எது என்னன்னு கேட்டா, சரியாச் சொன்னது 66 சதவீதம்தான். கண்ண மூடிக்கிட்டு சொன்னாலே பாதி சரியா வரும்ங்கறப்போ 66ங்கறது ரொம்பக் கம்மி. ஃபோட்டோவப் பாக்கறதுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா மூணுல ஒரு தடவை தப்பாப் போற கணிப்ப வச்சு மருந்து எழுத முடியாது. அதனாலதான் கண்ண மரத்துப்போக சொட்டு விட்டு, சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவியால புண்ண லேசா சுரண்டி, கண்ணாடித் துண்டுல தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்புல பாக்கறாங்க. பூஞ்சையா இருந்தா நூல் நூலாத் தெரியும். கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், செலவும் ஒண்ணும் பெருசு இல்ல. லேப்ல வளர்த்து இன்ன பூஞ்சைன்னு சொல்றதுக்குத்தான் நாள் ஆகும். சில பேர் சுரண்டறாங்களேன்னு பயந்து வேணாம்னுருவாங்க, ஆனா இந்த ஒரு டெஸ்ட்தான் எந்த வழியில போறதுன்னு முடிவு பண்ணுது.

இப்ப மருந்துக்கு வருவோம். நேட்டாமைசின்னு ஒரு சொட்டு மருந்து. 1950கள்ல தென்னாப்பிரிக்காவுல நேட்டால் பகுதி மண்ணுலருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர்ல கண்டுபிடிச்சது, பேரும் அங்கருந்துதான் வந்துச்சு. பாலாடைக்கட்டி மேல பூஞ்சை பிடிக்காம இருக்கக்கூட இத தடவறாங்க. அமெரிக்காவுல 1978ல கண்ணுக்கு அனுமதி கெடச்சுது. வெள்ளையா, அடியில படியற மருந்து, குலுக்கித்தான் விடணும், விட்டா கண் ஓரத்துல சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். கருவிழிக்குள்ள ஆழமாப் போகாதுங்கறது இதோட பெரிய கொறை.

2002ல வோரிகோனசோல்னு புது மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு. இது நுரையீரல் மாதிரி உள்ளுறுப்புல வர்ற கொடிய பூஞ்சைக்குன்னு வந்தது. கண் டாக்டருங்க அந்த ஊசி மருந்தையே கலந்து சொட்டு மருந்தா ஆக்கி விட ஆரம்பிச்சாங்க. இது கருவிழிக்குள்ள நல்லாப் போகுது, லேப் தட்டுல பலவிதமான பூஞ்சைய அடக்குது, அப்ப நேட்டாமைசின விட இதுதான் மேல்னு எல்லாருக்கும் தோணுச்சு. அதுக்கேத்த மாதிரி கேஸ் ரிப்போர்ட்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு, "நேட்டாமைசினுக்குக் கேக்காத ஒரு நோயாளி, வோரிகோனசோல் விட்டோம், சரியாச்சு"ன்னு. படிக்கறப்போ நம்பாம இருக்க முடியாது, ஃபோட்டோவோட இருக்கும், மொத நாள் கண்ணு எப்படி, மூணாவது வாரம் எப்படின்னு பக்கத்துப் பக்கத்துல வச்சிருப்பாங்க.

இதுல என்ன சிக்கல்னா, சரியான கேஸத்தான் எழுதி அனுப்புவாங்க. அதே மருந்து விட்டும் கண்ணு போன ஆளப் பத்தி எழுதறவங்க கொறச்சல், எழுதுனாலும் பத்திரிகைக்காரங்க போடறது அதவிடக் கொறச்சல். அப்புறம் அந்த நோயாளிக்கு ரெண்டு மூணு வாரம் ஏற்கனவே நேட்டாமைசின் போயிருக்கும், அது மெதுவா வேலை செஞ்சுக்கிட்டு இருந்த நேரத்துல புது மருந்த சேர்த்திருப்பாங்க, எது குணப்படுத்துச்சுன்னு யார் சொல்றது? இன்னொண்ணு, அந்தப் புது மருந்து யாருக்குப் போகுது? காசு செலவழிக்க முடிஞ்சவங்களுக்கு, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர முடிஞ்சவங்களுக்கு. அவங்களுக்கு எந்த மருந்து குடுத்தாலும் கொஞ்சம் நல்லாத்தான் ஆகும்.

அதுக்காக கேஸ் ரிப்போர்ட்டே வேணாம்னு நான் சொல்லல, அதோட வேலை வேற. இதுவரைக்கும் இல்லாத ஒண்ணு புதுசாத் தலை தூக்குதுன்னா அத மொதல்ல காட்டிக் குடுக்கறது தனித்தனிக் கேஸ்தான். 2005, 2006ல சிங்கப்பூர்லயும் ஹாங்காங்லயும் அப்புறம் அமெரிக்காவுலயும் வயல் பக்கமே போகாத, கான்டாக்ட் லென்ஸ் போடற ஆளுங்களுக்கு ஃப்யூசேரியம் புண் வர ஆரம்பிச்சுது. அங்கத்த டாக்டருங்களுக்கு இது வழக்கமே இல்ல, அதனால ஒவ்வொரு கேஸும் கண்ணுல குத்துச்சு, ஒண்ணு சேர்த்துப் பாத்தா பெரும்பாலானவங்க ரெனு வித் மாய்ஸ்சர்லாக்ங்கற ஒரே லென்ஸ் சொல்யூஷனப் பயன்படுத்தியிருந்தாங்க. அமெரிக்காவுல மட்டும் 164 கேஸ் உறுதியாச்சு, அதுல மூணுல ஒருத்தருக்கு கருவிழி மாத்து ஆபரேஷன் வரைக்கும் போச்சு. 2006 மே மாசம் அந்த சொல்யூஷன உலகம் பூரா வாபஸ் வாங்குனாங்க. எந்த ட்ரையலும் இத இவ்வளவு வேகமாக் கண்டுபிடிச்சிருக்காது. ஆனா ரெண்டு மருந்துல எது மேலுங்கற கேள்விக்கு கேஸ் ரிப்போர்ட்ட நம்புனா ஏமாந்துருவோம், அதுக்கு ட்ரையல்தான் வேணும்.

ட்ரையல்னா ஏதோ நோயாளிய சோதனை எலியாக்கறதுன்னு ஒரு பயம் நம்ம ஊர்ல இருக்கு. மோசமா நடந்த ட்ரையல்கள் நாட்டுல உண்டு, அதனால அந்த பயத்த நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒழுங்கா நடத்துனா விஷயம் இதுதான்: எந்த மருந்து நல்லதுன்னு யாருக்குமே உறுதியாத் தெரியாத நெலமையில, யாருக்கு எதுன்னு டாக்டரும் முடிவு பண்ணாம நோயாளியும் முடிவு பண்ணாம சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி கம்ப்யூட்டர் பிரிச்சுரும். அதனால ரெண்டு பக்கமும் ஏழை பணக்காரன், வயசானவன் சின்னவன், பெரிய புண் சின்ன புண் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துரும். கடைசியில ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வந்தா அது மருந்தால வந்ததுன்னு தைரியமாச் சொல்லலாம். பார்வைய அளக்கற ஆளுக்கும் யாருக்கு என்ன மருந்துன்னு தெரியக்கூடாது, தெரிஞ்சா தன்னையறியாம "இன்னொரு வரி படிச்சுப் பாருங்க"ன்னு ஒருத்தர மட்டும் ஊக்கப்படுத்திருவாங்க.

2010 ஏப்ரல்ல இருந்து 2011 கடைசி வரைக்கும் அரவிந்த் ஆஸ்பத்திரிகள்ல, சான் பிரான்சிஸ்கோவுல இருக்கற ப்ராக்டர் ஃபவுண்டேஷன்ங்கற கண் ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்து, இந்த மாதிரி ஒரு ட்ரையல் நடந்துச்சு. சுருக்கமா மட் 1ன்னு சொல்லுவாங்க. டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில நடந்தது, 2013ல வெளிவந்துச்சு. இதுக்கு முன்னாடியே 120 பேர வச்சு சின்னதா ஒண்ணு செஞ்சு பாத்திருந்தாங்க, அதுல பெருசா வித்தியாசம் தெரியல, ஆளு பத்தல. இந்தத் தடவ 368 பேர சேர்க்கறதா திட்டம். மைக்ராஸ்கோப்புல பூஞ்சை தெரிஞ்சவங்க, பார்வை கொஞ்சம் மங்குனதுல இருந்து ரொம்ப மோசம் வரைக்கும் இருந்தவங்க, அதாவது 6/12ல இருந்து 3/60 வரைக்கும். ஒரு பாதிக்கு 5 சதவீத நேட்டாமைசின், இன்னொரு பாதிக்கு 1 சதவீத வோரிகோனசோல். மொத வாரம் முழிச்சிருக்கற நேரம் பூரா மணிக்கு ஒரு தடவ, அப்புறம் மூணு வாரம் ஆகற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. இத வீட்ல ஒருத்தருக்கு விட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலைன்னு.

323 பேர் சேர்ந்ததும் நிறுத்திட்டாங்க. ட்ரையல் நடக்கும்போதே வெளியிலருந்து ஒரு பாதுகாப்புக் குழு கணக்கப் பாத்துக்கிட்டே இருக்கும், வோரிகோனசோல் பக்கம் போனவங்க நெலம மோசமா இருக்குன்னு தெரிஞ்சதும் இனிமே புதுசா யாரையும் அதுல போடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. எல்லாரும் ஜெயிக்கும்னு நெனச்ச மருந்து! மூணு மாசம் கழிச்சு அளந்தா நேட்டாமைசின் விட்டவங்க பார்வை போர்டுல சராசரியா கிட்டத்தட்ட ரெண்டு வரி கூடப் படிச்சாங்க. கருவிழி ஓட்டையாகறதோ அவசரமா கருவிழி மாத்தறதோ நேட்டாமைசின் பக்கம் சுமார் பாதிதான். ஆறாவது நாள் திரும்பவும் சுரண்டி வளர்த்துப் பாத்தப்போ வோரிகோனசோல் விட்டவங்கள்ல 48 சதவீதம் பேருக்கு பூஞ்சை இன்னும் உயிரோட வளர்ந்துச்சு, நேட்டாமைசின் பக்கம் வெறும் 15. நம்ம பக்கம் அதிகமா இருக்கற ஃப்யூசேரியத்த மட்டும் தனியாப் பாத்தா வித்தியாசம் நாலு வரி. ஒரு சொட்டு மருந்துக்கும் இன்னொரு சொட்டு மருந்துக்கும் நடுவுல நாலு வரிங்கறது, தானே தெருவுல நடந்து போறதுக்கும் கையப் பிடிச்சு நடக்கறதுக்கும் உள்ள வித்தியாசமா இருக்கலாம்.

ஃப்யூசேரியம் அல்லாத மத்த பூஞ்சைகள்ல ரெண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்ல, இதையும் சேர்த்துச் சொல்லணும், பல பேர் விட்டுர்றாங்க. ஆஸ்பெர்ஜில்லஸ் உள்ளவருக்கு வோரிகோனசோல் விட்டா கெடுதல்னு இந்த ட்ரையல் சொல்லல. ஆனா மொத நாள் மைக்ராஸ்கோப்புல நூல் மட்டுந்தான் தெரியும், எந்த நூலுன்னு தெரிய நாளாகும், அதனால நேட்டாமைசின்ல ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

உள்ள நல்லாப் போற மருந்து ஏன் தோத்துச்சு? எனக்குப் படறது, லேப்ல அளக்கறதும் கண்ணுல நடக்கறதும் ஒண்ணு இல்ல. நேட்டாமைசின் பூஞ்சையோட மேல்சவ்வுல ஒட்டிக்கிட்டு அத கொல்லுது, வோரிகோனசோல் பெரும்பாலும் வளர விடாம அடக்கத்தான் செய்யுது. அதுவும் ஃப்யூசேரியம் வோரிகோனசோலுக்கு லேசுல மசியறதில்ல. வெள்ளையாப் படிஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொன்னேன்ல, அது புண்ணு மேலயே ரொம்ப நேரம் தங்கறதுக்குக்கூட ஒதவியிருக்கலாம். கொறைன்னு நெனச்சதே நல்லதா இருந்திருக்கலாம். இதெல்லாம் முடிவு வந்தப்புறம் தேடுன காரணம், முன்னாடியே யாரும் இப்படி யோசிச்சு பந்தயம் கட்டல, அதனால அளவாத்தான் நம்பணும்.

அடுத்தது மட் 2. இது இன்னும் மோசமான புண்ணு உள்ளவங்களுக்கு, பார்வை 3/60 அல்லது அதுக்கும் கீழ. சொட்டு மருந்து எல்லாருக்கும் உண்டு, கூடவே ஒரு பாதிக்கு வோரிகோனசோல் மாத்திரை, மறு பாதிக்கு அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. நம்ம நாலு ஊரோட நேபாளத்துலயும் ரெண்டு ஆஸ்பத்திரி சேர்ந்துச்சு, மொத்தம் 240 பேர். மாத்திரையால கருவிழி ஓட்டையாகறது உறுதியா கொறஞ்சுதுன்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. ஆனா பக்க விளைவு மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 49 சதவீதம் பேருக்கு, சாப்பிடாதவங்கள்ல 23 சதவீதம். அந்த மாத்திரை விலைய விசாரிச்சுப் பாத்தா தெரியும், ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் அதுக்கு நகைய அடகு வைக்கணும். பலன் இல்லாத மாத்திரைக்கு ஒரு குடும்பம் கடனாளி ஆகாம இருக்கறதும் ஆராய்ச்சியோட பலன்தான். இந்த ட்ரையல்ல என்ன ரொம்பப் பாதிக்கற கணக்கு வேற: மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும், 240 பேர்ல 109 பேருக்கு கருவிழி ஓட்டையாச்சு அல்லது மாத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வந்துச்சு. நல்ல ஆஸ்பத்திரியில, நல்ல மருந்தோட, கண்காணிப்போட. லேட்டா வந்தா இவ்வளவுதான் செய்ய முடியுது.

பாக்டீரியாப் புண் பக்கம் வேற ஒரு சண்டை ரொம்ப வருஷமா ஓடிட்டு இருந்துச்சு, ஸ்டீராய்டு விடலாமா கூடாதான்னு. விட்டா வீக்கம் கொறஞ்சு தழும்பு சின்னதாகும்னு ஒரு கட்சி, விட்டா கிருமி பெருகி கண்ணு போயிரும்னு இன்னொரு கட்சி. 2006ல இருந்து 2010 வரைக்கும் 500 பேர வச்சு ஸ்கட்னு ஒரு ட்ரையல் நடந்துச்சு, இதுலயும் பெரும்பாலானவங்க அரவிந்துக்கு வந்தவங்க. ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் விட்டப்புறம் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு சொட்டு, மறு பாதிக்கு வெறும் சொட்டு. மொத்தமாப் பாத்தா பார்வையில வித்தியாசம் இல்ல, கெடுதலும் பெருசா இல்ல. உள்ள போய்ப் பாத்தா, ஆரம்பத்துலயே வெறும் விரல எண்ற அளவுக்கு பார்வை கொறஞ்சு வந்தவங்களுக்கு ஸ்டீராய்டு கொஞ்சம் ஒதவுச்சு, நோகார்டியாங்கற ஒரு கிருமி இருந்தவங்களுக்கு தழும்ப பெருசாக்கிருச்சு. ரெண்டு கட்சியும் தன் அனுபவத்துல பாத்தது உண்மையாவே இருந்திருக்கலாம், வேற வேற நோயாளியப் பாத்திருக்காங்க.

ஒண்ணு கவனிக்கணும். ஸ்கட்ல பூஞ்சை இல்ல, பாக்டீரியாதான்னு லேப்ல உறுதியானவங்கள மட்டுந்தான் சேர்த்தாங்க. பூஞ்சை இருக்கற கண்ணுல ஆரம்பத்துலயே ஸ்டீராய்டு விழுந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். செவப்பு கொறையும், வலி கொறையும், நல்லாயிட்டு வருதுன்னு தோணும், அடியில கருவிழி அரிச்சுக்கிட்டே போகும். மெடிக்கல் ஷாப்புல "கண்ணு செவந்திருக்கு, எதாவது குடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்கற சொட்டு மருந்துல பலதுலயும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நம்ம மக்களோட கண்ண வச்சுத்தான் இந்த அறிவெல்லாம் கெடச்சுது, அது அந்த மக்கள் மொதல்ல போய் நிக்கற கடை வரைக்கும் இன்னும் வந்து சேரலங்கறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

லைட் சிகிச்சை கதை இன்னும் சுருக்கம். கருவிழி கூம்பு மாதிரி நீட்டிக்கற நோய்க்கு ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டி கருவிழிய இறுக்கமாக்கற சிகிச்சை ஒண்ணு இருக்கு, கிராஸ் லிங்கிங்னு பேரு. அந்த ஒளி கிருமியையும் கொல்லுமேன்னு புண்ணுக்கும் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, இதுக்கும் கேஸ் ரிப்போர்ட் நெறைய வந்துச்சு. அரவிந்த்ல பூஞ்சைப் புண் உள்ள 111 பேர வச்சு சோதிச்சுப் பாத்தாங்க, 2020ல வந்துச்சு. பூஞ்சை சீக்கிரம் சாகல, பார்வை சுமார் ரெண்டு வரி மோசமாத்தான் போச்சு. அதே ட்ரையல்ல நேட்டாமைசினுக்குப் பதிலா ஆம்ஃபோடெரிசின்ங்கற இன்னொரு பூஞ்சை மருந்தும் விட்டுப் பாத்தாங்க, வித்தியாசம் இல்ல.

இதுக்குள்ள 2017ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல நேட்டாமைசின சேர்த்துருச்சு, மட் 1 இல்லாம அது நடந்திருக்கும்னு எனக்குத் தோணல. வருஷத்துக்கு உலகத்துல பத்து லட்சத்துக்கு மேல பூஞ்சைக் கருவிழிப் புண் வருதுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு, பெரும்பாலும் ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும். ஆப்பிரிக்காவுல பல எடத்துல நேட்டாமைசின் கெடைக்கறதே இல்ல, அதனால எங்கயும் மலிவாக் கெடைக்கற குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினிய விட்டா போதுமான்னு நேபாளத்துல லஹான் ஊர்ல 354 பேர வச்சு பாத்தாங்க. 2022ல முடிவு வந்துச்சு, இதுலயும் நேட்டாமைசின்தான் மேல். ஒண்ணும் கெடைக்காத எடத்துல குளோர்ஹெக்சிடினாவது விடலாமாங்கறது வேற கேள்வி, அதுக்கு இந்த ட்ரையல் பதில் சொல்லல, ஏன்னா ஒண்ணுமே விடாம யாரையும் வச்சுப் பாக்க முடியாது.

வந்தப்புறம் பாக்கறத விட வராம தடுக்கறதுதான நல்லது, அதுக்கும் ஒரு கதை இருக்கு, என்ன ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். 1990கள்ல நேபாளத்துல பக்தபூர்ல டாக்டர் மதன் உபாத்யாய் குழு சுமார் 35,000 பேர் இருக்கற பகுதியில கிராம சுகாதாரப் பணியாளருங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. கண்ணுல கீறல் பட்டா ஒடனே வாங்க, குளோராம்ஃபெனிகால்ங்கற ஆன்டிபயாடிக் களிம்பு ஒரு நாளைக்கு மூணு தடவ மூணு நாள். கீறலோட வந்த 442 பேர்ல 96 சதவீதம் பேருக்கு புண் வராம ஆறிருச்சு, 18 மணி நேரத்துக்குள்ள வந்த ஒருத்தருக்குக் கூட புண் வரல. அருமையான முடிவு. நம்ம பக்கத்து கிராமங்கள்லயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அதுலயும் கீறலோட வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் நல்லபடியா ஆறிருச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க.

ஆனா களிம்பு குடுக்காத கிராமம்னு ஒண்ண வச்சு ஒப்பிட்டுப் பாக்கவே இல்லியே? கீறல்ல பெரும்பாலானது தானாவே ஆறிரும். அப்புறம்தான் நேபாளத்துல 24 கிராமப் பகுதிகள எடுத்து, குலுக்கல் முறையில பாதிக்கு மட்டும் இந்தத் திட்டத்தக் குடுத்து, மறு பாதியோட ஒப்பிட்டாங்க. பாக்டீரியாவுக்கான களிம்பும் பூஞ்சைக்கான களிம்பும் ரெண்டும் குடுத்தாங்க. முடிவு 2022ல வந்துச்சு: ரெண்டு பக்கமும் கருவிழிப் புண் வந்த அளவு ஒண்ணுதான். படிச்சப்போ மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா திட்டம் எளிமையானது, மலிவானது, ஜெயிக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. களிம்பு வேலையே செய்யாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. கீறல் பட்டவங்க எல்லாரும் பணியாளர்கிட்ட வர மாட்டாங்க. அக்கறையா வர்றவருக்கு களிம்பு இல்லாமலே ஆறியிருக்கலாம், புண்ணாகப் போற ஆளு வயல்லயே வேலை பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. தனி ஆளுக்கு பலன் குடுக்கற மருந்து ஒரு ஊருக்கே பலன் குடுக்குமாங்கறது வேற கணக்கு. என் கருத்து, தோட்டக் காட்டுல வேலை பாக்கறவங்களுக்கு மலிவான பாதுகாப்புக் கண்ணாடி குடுக்கறதையும் சேர்த்து பெரிய அளவுல சோதிச்சுப் பாக்கணும், களிம்ப மட்டும் நம்பி இருக்க முடியாது.

இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வீட்ல யாருக்காவது கண்ணுல தோகையோ சுணையோ பட்டா என்ன செய்யணும்? நல்ல தண்ணியில கழுவுங்க, தாய்ப்பால், எண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விடாதீங்க, கடையில கேட்டு சொட்டு வாங்காதீங்க. மறுநாளும் உறுத்தலோ கூச்சமோ இருந்தா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க, வெள்ளப் புள்ளி தெரியற வரைக்கும் காத்திருக்க வேணாம். என்ன அடிச்சுது, இதுக்கு முன்னாடி என்ன மருந்து விட்டீங்க, எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க, பழைய பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. "சுரண்டி டெஸ்ட் எடுத்தீங்களா டாக்டர், பூஞ்சை இருக்கா"ன்னு கேக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. நேட்டாமைசின் எழுதிக் குடுத்தா ஒவ்வொரு தடவையும் பாட்டில நல்லாக் குலுக்கிட்டு விடுங்க, மருந்து அடியிலயே தங்கிருச்சுன்னா கண்ணுக்குள்ள போறது வெறும் தண்ணி. மணிக்கு ஒரு தடவைன்னா மணிக்கு ஒரு தடவதான், பகல்ல ஒரு ஆளு கூடவே இருந்து விடற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கோங்க, நாலு நாள்ல வலி கொறஞ்சுருச்சுன்னு நிறுத்திராதீங்க, டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் விடணும், அது மூணு வாரமாவோ அதுக்கு மேலயோ ஆகலாம்.